உப்பு என்று தேடினேன்

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் எட்டுப் பேர், மூன்று அறைகள். சாவி போட்டுப் பூட்டுகிற பொருள் என்று பார்த்தால் அத்தையின் பீரோ ஒன்றுதான். என் சேலைகூட மதினியின் சேலையோடு ஒரே கொடியில்தான் கிடக்கும். அதே வீட்டில் இன்று எனக்கு மட்டுமே திறக்கிற ஓர் இடம் இருக்கிறது. கணினியில் 200 எம்.பி. அளவுள்ள ஒரே ஒரு கோப்பு அது. அதற்குள் என்னுடைய 24 வருடம் இருக்கிறது. மகள் பிறந்த ராத்திரி பெய்த மழை, அம்மா கடைசியாக என்னிடம் பேசிய பேச்சு, கத்தரிக்காய் என்ன விலை விற்றது என்பதுவரை எல்லாம் உள்ளே இருக்கிறது. என்னிடம் உள்ளவற்றிலேயே விலைமதிப்பானது எது என்று யார் கேட்டாலும், நகையைச் சொல்ல மாட்டேன், இந்தக் கோப்பைத்தான் சொல்வேன். இவ்வளவு அருமையான ஒரு விஷயத்தை ஏன் இன்னும் எல்லோரும் செய்யவில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கிறது.

முதலில் நானும் காகிதத்தில்தான் எழுதினேன். ஜனவரி பிறந்தால் ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுப்பார்களே, முன்பக்கத்தில் ராகுகாலமும் எமகண்டமும் விடுமுறை நாள் பட்டியலும் போட்ட டைரி, அதில்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அரைப் பக்கம். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், வாரம் முழுவதும் அடக்கி வைத்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வரும். எழுத நிறைய இருக்கிற அன்றைக்குப் பார்த்து இடம் இருக்காது. நுணுக்கி நுணுக்கி ஓரத்தில் எழுதுவேன்.

2003ஆம் வருடம் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், மதினி மகன் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடக் காகிதம் தேடி என் டைரியை எடுத்துவிட்டான். அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். சின்னப் பிள்ளை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டாசலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் சத்தமாக வாசித்தான். "இன்றைக்கும் அத்தை உப்பு கூட என்றார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அம்மா வீட்டுக்குப் போகணும்போல இருக்கிறது." அவ்வளவுதான் வரி. அதில் வசவு இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அத்தை எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள். சண்டை வந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அன்றைக்குப் பிறகு என் சமையலைப் பற்றி அத்தை வாயே திறக்கவில்லை. நல்லதும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். அந்த டைரியைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

அப்போது நான் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் பாமினி எழுத்துருவில் அடிப்போம். மதியம் கடைக்கார அண்ணாச்சி சாப்பிடப் போகிற நேரத்தில் கடையில் நான் மட்டும் இருப்பேன். ஒரு நாள் சும்மா ஒரு புதுக் கோப்பைத் திறந்து, 'பரவாயில்லை, இனி எழுத மாட்டேன்' என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் எழுதிக்கொண்டே இருந்தேன். முடித்தபோது கை நடுங்கியது. அதை ஒரு ஃப்ளாப்பியில் சேமித்து, 'பழைய பில் 3' என்று பெயர் வைத்து, சாப்பாட்டுக் கூடைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் கணினி கிடையாது. அந்தக் கறுப்புச் சதுரத்தை யார் எடுத்துப் பார்த்தாலும் அது வெறும் பிளாஸ்டிக்தான். அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல! கொடியில் சேலை கிடக்கிற அதே அறையில், எல்லோர் கண்ணுக்கும் எதிரே, என் மனசு ஒரு ஃப்ளாப்பியில் பத்திரமாக இருந்தது.

2008இல் வீட்டுக்குக் கணினி வந்தது. அதற்கடுத்த வருடம், அதற்குள் நான்காகியிருந்த ஃப்ளாப்பிகளையும் திறந்து பார்த்தேன். ஒன்று படிக்கவே இல்லை, போய்விட்டது. 2005இன் பாதி அதோடு போனது. மற்ற மூன்றும் திறந்தன, ஆனால் புதுக் கணினியில் பாமினி எழுத்துரு இல்லாததால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். அம்மா என்று நான் அடித்திருந்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச் என்று நின்றது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் எங்கே போகும்? உள்ளே இருந்தது தமிழே இல்லை. யூனிகோடு வந்த பிறகுதான் கணினிக்கு அகரம் அகரமாகவே தெரிந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன். ஒரே நொடியில் அத்தனை ஆங்கில எழுத்தும் கலைந்து, 'அம்மா போன் பேசினாள்' என்று வரி வந்து நின்றதே, அந்த நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பழைய பாமினி, டிஸ்கி கோப்புகள் யாரிடமாவது இருந்தால் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வாரமே யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சுப் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக வரவைக்கிறார்கள். வேகமாக வரும்தான். ஆனால் நாட்குறிப்புக்கு தமிழ் 99 மாதிரி எதுவும் கிடையாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் முடிவான விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முன்னதற்குத் தானாகவே புள்ளி விழும். ந அடித்துத் த அடித்தால் அது 'ந்த' ஆகும். தமிழ் எப்படிச் சேரும் என்று அந்த விசைப்பலகைக்கே தெரிந்திருக்கிறது. என்.எச்.எம். ரைட்டரை நிறுவி ஒரு மாதம் திணறினேன். இரண்டாவது மாதத்தில் விரல் தானாகப் போயிற்று. அதற்குப் பிறகு நினைப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஆங்கிலம் என்ற திண்ணையில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கவில்லை.

எதில் எழுதுவது? நான் எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன். ஒரு சமயம் குறுந்தகட்டில் விற்ற ஒரு டைரி மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். பூப்போட்ட பின்னணி, குட்டிச் சாவிப் படம், பார்க்க அழகாக இருந்தது. விண்டோஸ் மாறியதும் அது திறக்கவில்லை. உள்ளே இருந்த ஐந்து மாத எழுத்தை வெளியே எடுக்க எந்த வழியும் இல்லை. அன்றைக்குத் தெளிந்தேன், வெறும் உரைக் கோப்பு போதும். நோட்பேடில் திறக்கிற கோப்பு. அழகு இல்லை, வண்ணம் இல்லை. ஆனால் இன்னும் 30 வருடம் கழித்தும் ஏதோ ஒரு கணினி அதைத் திறக்கும்.

அந்தச் சாதாரண நோட்பேடுக்குள் நாட்குறிப்புக்காரர்களுக்கென்றே ஒரு பொக்கிஷம் ஒளிந்திருக்கிறது, தெரியுமா? புதுக் கோப்பின் முதல் வரியில், தொடக்கத்திலேயே, ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எல், ஓ, ஜி என்ற மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அடித்துச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை அந்தக் கோப்பைத் திறக்கும்போது, கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியும் நேரமும் தானாக விழுந்திருக்கும். நடுவில் நேரம் வேண்டுமென்றால் எஃப்5 தட்டினால் போதும். இதை நான் கண்டுகொண்ட ராத்திரி, சும்மாவே பத்துத் தடவை மூடித் திறந்து பார்த்தேன். அதே ராத்திரி 11:42, 11:43, 11:43 என்று வரிசையாக விழுந்த நேரங்கள் இன்னும் கோப்பில் இருக்கின்றன. அழிக்க மனசு வரவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. சேமிக்கும்போது குறியாக்கம் யூ.டி.எஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நோட்பேடில் முன்னிருப்பு அது இல்லை. கவனிக்காமல் ஓகே அடித்ததில் ஒரு வாரத் தமிழ் முழுவதும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறி நின்றதைப் பார்த்தவள் நான். மகளுக்கு முதல் பல் விழுந்த வாரம் அது.

இப்போது மாதத்துக்கு ஒரு கோப்பு. பெயர் 2025-03 என்கிற மாதிரி வருடம் முதலில், மாதம் அடுத்து. அப்படி வைத்தால் எத்தனை வருடம் ஆனாலும் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கி நிற்கும். மொத்த எழுத்தும் எவ்வளவு எடை என்று ஒரு நாள் பார்த்தேன். யூ.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அம்மா என்ற சொல்லுக்கு 15 பைட். 24 வருடமும் சேர்ந்து 28 எம்.பி. என் போனில் எடுக்கிற புகைப்படம் ஒன்று மூன்றரை எம்.பி. வரும். எட்டுப் புகைப்படத்தின் இடத்தில் என் கல்யாண வாழ்க்கை மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது!

அடுத்தது பூட்டு. இதைத்தான் நான் மனம் விட்டுச் சொல்ல ஆசைப்படுகிறேன். கணினிக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறேனே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வாசல் திரை மாதிரிதான். வட்டை மறையாக்கம் செய்யாமல் வைத்திருந்தால், கழற்றி வேறு கணினியில் மாட்டிய உடனே எல்லாம் தெரியும். நான் 2010இல் ட்ரூக்ரிப்ட் என்ற இலவச மென்பொருளில் தொடங்கினேன். 2014 மே மாதம் அதை உருவாக்கியவர்கள் திடீரென்று கைவிட்டார்கள். அதே வேரிலிருந்து கிளைத்த வெராக்ரிப்ட்டுக்கு மாறினேன். அது செய்வது இதுதான்: ஒரு கோப்பைப் பெட்டகமாக்கித் தரும். கடவுச்சொல் கொடுத்தால் அது புது டிரைவ் மாதிரி கணினியில் தோன்றும். உள்ளே போய் எழுதலாம். வேலை முடிந்து மூடியதும் டிரைவ் மறைந்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அர்த்தமில்லாத பைட்டுகளின் குவியல்தான். உள்ளே வேலை செய்வது ஏ.இ.எஸ். மறையாக்கம், 256 பிட் சாவி. எத்தனை சாவிகள் சாத்தியம் என்று எழுதிப் பார்த்தால் 78 இலக்க எண் வரும். அத்தையின் பீரோவுக்கு கோத்ரெஜ் சாவி. என் பெட்டகத்துக்கு இது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து எனக்கென்று வந்த முதல் பூட்டு!

ஆனால் அத்தனை பலமும் நம் கடவுச்சொல்லில்தான் நிற்கிறது. பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் வைத்தால் பீரோ சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். 20 எழுத்துக்குக் குறைந்தால் வெராக்ரிப்டே எச்சரிக்கும். மறந்தால் போச்சு, பின்வாசல் கிடையாது, யாரிடமும் போய் நிற்க முடியாது. நான் தினமும் அடிப்பதால் விரலுக்கே மனப்பாடம்.

சாவியை எங்கே வைப்பது என்பதற்கு சாமுவேல் பீப்ஸைத்தான் நினைத்துக்கொள்வேன். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் இருந்தவர். 1660 ஜனவரி முதல் நாள் தொடங்கி 1669 மே கடைசி நாள்வரை, கண் போய்விடுமோ என்று பயந்து நிறுத்தும்வரை, சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். அந்தக் காலத்து மறையாக்கம் அது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியில் அவருடைய புத்தகங்களோடு கிடந்தது. 1819இல் ஜான் ஸ்மித் என்ற மாணவர் அதைப் படித்தெடுக்க உட்கார்ந்து, மூன்று வருடம் உயிரைக் கொடுத்து உழைத்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் புத்தகம் பீப்ஸின் அதே நூலகத்திலேயே இருந்தது. ஸ்மித்துக்கு அது தெரியவில்லை. கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி மடிக்கணினி உறைக்குள் சொருகி வைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்தக் கதையை ஒரு தடவை விடாமல் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊர்ப் பெருமையும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் காலம்வரை, 25 வருடம், தமிழில் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், அதற்குத் தான் என்ன சொன்னேன், எல்லாம். 1846இல்தான் வெளியுலகுக்கு அது தெரிந்தது. அவருக்கு என் நோட்பேடு மட்டும் கிடைத்திருந்தால் என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். 25 வருட நோட்டுகளில் போன வருடம் இதே வியாபாரி என்ன விலை சொன்னான் என்று பார்க்க அவர் எத்தனை பக்கம் புரட்டியிருப்பார்!

பூட்டு வந்த பிறகு என் எழுத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். நான் நினைத்தேன், இனி யாரும் பார்க்க மாட்டார்கள், வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டப்போகிறேன் என்று. முதல் இரண்டு மாதம் கொட்டினேன்தான். பிறகு தானாகவே வேறு விஷயங்கள் வர ஆரம்பித்தன. காகித டைரியில் நான் எழுதாமல் விட்டதெல்லாம் குறைகள் அல்ல, நல்லவை. அத்தைக்கு முட்டுவலி வந்த அன்று, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று கைப்பிடியைத் தடவித் தடவி அவர்கள் ஏறியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது என்று காகிதத்தில் எழுதியிருக்க மாட்டேன். யாராவது படித்தால் நடிக்கிறாள் என்பார்களோ என்ற கூச்சம். காகித டைரியில் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒரு வக்கீல் மாதிரி என் பக்கத்தை நிரூபிக்கவே எழுதியிருக்கிறேன். என்றாவது யாராவது படித்தால் நான் நல்லவள் என்று தெரிய வேண்டுமே! பூட்டின கோப்புக்குள் அந்த வழக்கே இல்லை. படிக்கப்போவது நான் ஒருத்தி. என்னிடம் நான் எதற்கு வாதாட வேண்டும்? அங்கேதான் முதன்முதலாக அத்தையைப் பற்றி நியாயமாக எழுதினேன். ரகசியம் என்றால் கெட்டதை ஒளிப்பதற்கு என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு மாதம் இப்படி எழுதிப் பார்க்க வேண்டும்.

தேடல் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். எனக்குச் சொந்தமான 24 வருடத்தை எனக்கே திரும்பக் கொடுத்தது அதுதான். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் என்ற இலவச எடிட்டரில் ஒரு கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடலாம். தமிழில் தேட ஒரு கைப்பக்குவம் வேண்டும். குளம் என்று தேடினால் குளத்தில், குளத்துக்கு, குளத்தங்கரை எதுவும் வராது. 'குள' என்று வெட்டித் தேடினால் அத்தனையும் வரும். வீடு என்று முழுதாகத் தேடக் கூடாது. 'வீட' என்று தேடினால் வீடும் வரும், வீட்டிலும் வரும், வீட்டுக்காரரும் வருவார். நம் மொழி வேரோடு நிற்கும், வாலை மட்டும் மாற்றிக்கொள்ளும். நாமும் வேரைப் பிடித்துத் தேட வேண்டியதுதான். மாற்றியில் போட்டு எடுத்த பழைய கோப்புகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். 'கொ' என்ற எழுத்து ஒரே கொம்புக்கால் குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. கொலு என்று தேடி என் மகளின் முதல் கொலு கிடைக்காமல் இரண்டு நாள் தவித்த பிறகுதான் இது பிடிபட்டது.

2021இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொதி வைக்கலாம் என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சொதி. எத்தனையோ தடவை வைத்திருக்கிறேன், அம்மா கைக்கு வந்த மாதிரி வந்ததில்லை. 'சொதி' என்று தேடினேன். 31 வரி வந்தது. அதில் ஒன்று 2009 நவம்பர். அம்மா போனில் சொல்லச் சொல்ல அப்படியே அடித்திருக்கிறேன். மூன்றாம் பாலில் காயை வேகவிடு, இரண்டாம் பாலை அப்புறம் ஊற்று, வெந்த பாசிப்பருப்பு ஒரு கை, இஞ்சியையும் பச்சைமிளகாயையும் வதக்கி அரைத்துப் போடு, தலைப்பாலை ஊற்றினதும் கொதிக்க விடாதே, நுரை கட்டினதும் இறக்கு. கடைசியில் அவள் குரலிலேயே ஒரு வரி: "ஏட்டி, எலுமிச்சம்பழத்த அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சிராத, திரிஞ்சிரும். எறக்கி, சூடு கொஞ்சம் தணியட்டும்." நான் இத்தனை வருடம் அடுப்பை அணைத்த கையோடு பிழிந்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பொறுத்திருந்து பிழிந்தேன். இஞ்சித் துவையலோடு ஒரு வாய் எடுத்து வைத்த மகள், "ஆச்சி வச்ச மாதிரியே இருக்கும்மா" என்றாள். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். போட்டோவில் இருக்கிற அம்மா பேச மாட்டாள். கோப்பில் இருக்கிற அம்மா ஏட்டி என்று கூப்பிடுகிறாள்.

இதெல்லாம் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது, வட்டு ஒன்று கெட்டு மூன்று மாத எழுத்து போன பிறகு. இப்போது மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று இணைய மேகச் சேமிப்பில். பூட்டிய பிறகுதான் மேலே போகிறது என்பதால் மேகத்தில் வைக்க எனக்குத் தயக்கமில்லை. வெராக்ரிப்ட்டில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டகத்தின் தேதி மாறாமல் காக்கும் தேர்வு ஒன்று முன்னிருப்பாகவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடாவிட்டால், நீங்கள் எழுதியது எதுவும் மாறவில்லை என்று மேகச் சேமிப்பு நினைத்துக்கொண்டு பழைய பிரதியையே வைத்திருக்கும்.

இனி அந்த உப்புக்கு வருகிறேன்.

2012 கோடை விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த ஜவுளிக்கடை டைரிகள் கிடைத்தன. மூன்று. தூசி தட்டி, தினமும் ராத்திரி ஒரு மாதத்துப் பக்கங்களாக உட்கார்ந்து அடித்துக் கோப்பில் சேர்த்தேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆயிற்று. முடித்த அன்று ராத்திரி, எதற்கென்று தெரியாமல், 'உப்ப' என்று அடித்துத் தேடினேன்.

வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, தேதியோடு வந்து நின்றன. முதலாவது 2001: 'உப்பும் புளியும் வாங்கணும்.' அவ்வளவுதான். அடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. பிறகு 2002 ஆகஸ்ட் 16ஆம் தேதி: 'ரசத்தில் உப்பு கூட என்றார்கள் அத்தை.' அதிலிருந்து ஏப்ரல்வரை 11 வரி, எல்லாம் அதே புகார். திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு வருடம் என் சமையலில் உப்பு சரியாக இருந்திருக்கிறது. ஆகஸ்டு 16இல் என்ன ஆயிற்று? அந்த வரியைத் தட்டினேன். கோப்பு திறந்தது. மேலே இரண்டு நாள் தள்ளி, ஆகஸ்டு 14: 'மாமாவுக்குத் தலைசுற்றல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பிரஷர் 170 இருக்காம். வரும்போது மழை.'

என் கையெழுத்தில் நானே எழுதியது. காகிதத்தில் இரண்டு பக்கம் தள்ளித் தள்ளி இருந்தது. பத்து வருடமாக அந்த இரண்டு பக்கத்தையும் நான் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

மறுநாள் மதியம் அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொப்பை எடுத்தேன். "அத்தை, அப்பல்லாம் உப்பு கூட, உப்பு கூடன்னு சொன்னீங்கள்லா, அது மாமாவுக்காகவா?"

அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பெறவு யாருக்கு? அவுகளுக்குச் சொன்னா கேக்க மாட்டாக. கொழம்புலயே கொறச்சாத்தான் உண்டு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேக்கலியே தாயி" என்றார்கள். கீரை உருவுகிற கை நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்களே சொன்னார்கள், "ஒன் நோட்ட அவன் வாசிச்சதும் எனக்குச் சங்கடமாப் போச்சு. பெறவு ஒண்ணும் சொல்ல மனசு வரல."

ஒன்பது வருடம். இரண்டு பேருமே ஒரே அடுக்களைக்குள் ஒன்பது வருடம்.

அதற்கடுத்த நாள் காலையில் தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்து வைத்தேன். அத்தை ஒரு விள்ளலைத் தொட்டு வாயில் போட்டார்கள். நான் அடுப்பைப் பார்த்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன். "உப்பு ஒரு கல்லு கூட" என்றார்கள்.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பெட்டகத்தைத் திறந்து, அந்த மாதக் கோப்பின் கடைசிக்குப் போய், எஃப்5 தட்டினேன். 10:51 என்று விழுந்தது. 'இன்றைக்கு அத்தை உப்பு கூட என்றார்கள்' என்று அடித்தேன்.